பழைய அசைன்மென்ட்டின் மேல் புதியதை எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆன்லைன் படிப்புகளில் இப்போதெல்லாம் இப்படி ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "முந்தைய பாடம் ஒன்றுக்காக நீங்கள் எழுதிய கட்டுரையை அடிப்படையாகக் கொண்டு, அதை விரிவாக்கி 2,000 சொற்களில் எழுதுக." படித்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்ற நினைப்பு. அப்புறம் எழுத உட்கார்ந்தால் பலர் இரண்டில் ஒரு வழிக்குப் போய்விடுகிறார்கள். பழைய கட்டுரையை அப்படியே ஒட்டி, நடுவில் நான்கு பத்தி சேர்த்து, தலைப்பை மாற்றி அனுப்புவது ஒன்று. காப்பி அடித்ததாகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, பழையதைத் தொடாமல் ஒன்றிலிருந்து தொடங்குவது இன்னொன்று. முதல் வழியில் மதிப்பெண் போகும், சில இடங்களில் பெயரும் சேர்ந்து போகும். இரண்டாவதில் உழைப்பு வீண்.

பழைய கட்டுரையிலிருந்து எடுத்துவர வேண்டியவை அதன் வாக்கியங்கள் அல்ல. அது பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள், அதற்காகத் தேடிப் பிடித்த ஆதாரங்கள், திருத்திய ஆசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்புகள், இந்த மூன்றும்தான் கைமுதல். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த மூன்றைப் பிரித்தெடுப்பதற்கான வழிகளே.

தெளிவாக இருக்க ஒரே உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி முதல் செமஸ்டரில், சுற்றுச்சூழல் கல்விப் பாடத்துக்காக "2015 சென்னைப் பெருவெள்ளம்: காரணங்கள்" என்று 800 சொற்களில் எழுதினார். இப்போது பொதுக்கொள்கை பற்றிய ஆன்லைன் படிப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். அங்கே 2,000 சொல் கட்டுரை கேட்கிறார்கள்.

படி 1: அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்

கேள்வித்தாளையும் பாடத்தின் விதிமுறைப் பக்கத்தையும் ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். "முந்தைய எழுத்தை விரிவாக்குக" என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் சிக்கல் இல்லை. "வேறெந்தப் பாடத்துக்கும் சமர்ப்பிக்காத புதிய எழுத்தாக இருக்க வேண்டும்" என்று இருந்தாலும் குழப்பம் இல்லை, தலைப்பை மாற்றிவிடுங்கள். குழப்பம் எல்லாம் விதி எதுவும் சொல்லாமல் இருக்கும் இடத்தில்தான். "சொல்லவில்லையே, அப்படியானால் செய்யலாம்" என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். கேட்டுவிடுங்கள்.

மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இரண்டாம் கட்டுரைக்கு, 2015 சென்னை வெள்ளம் பற்றி முதல் செமஸ்டரில் நான் எழுதிய 800 சொல் கட்டுரையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். பழைய கட்டுரை வெள்ளத்தின் காரணங்களைப் பேசியது. புதியது, 2015-க்குப் பிறகு நில அனுமதிக் கொள்கையில் ஏற்பட்ட மாற்றங்களைப் பற்றியதாக இருக்கும். பின்னணியை விளக்கும் ஒரு பத்தி மட்டும் பழையதைச் சார்ந்திருக்கும், அதையும் மேற்கோளோடு குறிப்பிடுவேன். இதற்கு அனுமதி உண்டா? பழைய கட்டுரையை இணைத்துள்ளேன்."

மொட்டையாக "பழைய கட்டுரையைப் பயன்படுத்தலாமா சார்?" என்று கேட்டால் பெரும்பாலும் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். எது பழையது, எது புதியது, எவ்வளவு என்று சொல்லிக் கேட்டால் "சரி" என்பதற்கு அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. வந்த பதிலைப் பத்திரமாக வையுங்கள். படிப்பின் நடுவில் மதிப்பிடுபவர் மாறிவிடுவது ஆன்லைனில் சாதாரணம்.

பழைய கட்டுரை குழுவாக எழுதியது என்றால், ஆசிரியரைக் கேட்பதற்கு முன்பே குழுவில் இருந்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எழுதிய பகுதியை மட்டும் எடுத்தாலும், அதில் அவர்களுடைய வாதமும் கலந்திருக்கும்.

விதிகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வாட்ஸப் குழுக்களில் "10 சதவீதம் வரை பரவாயில்லை" என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கு பிறந்த இடம், இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை. ஏற்கெனவே உள்ள எழுத்துகளோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

ஆனால் இந்தக் கணக்கு முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கானது. அசைன்மென்ட், பருவக் கட்டுரை, விடைத்தாள் போன்றவை இந்த வரையறைக்குள் வராது என்று அந்த ஒழுங்குமுறையே சொல்கிறது. ஆகவே உங்கள் கட்டுரைக்கு அந்த 10 சதவீதம் கேடயமும் இல்லை, கத்தியும் இல்லை. உங்கள் கல்லூரியோ படிப்பை நடத்தும் நிறுவனமோ எழுதி வைத்திருக்கும் விதிதான் செல்லும்.

"என் எழுத்தை நானே எடுத்தால் அது எப்படித் திருட்டு?" என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். மானியக் குழு 2020 ஏப்ரலில் இதைப் பற்றியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏற்கெனவே வெளியான தன் எழுத்தையே உரிய மேற்கோள் இல்லாமல் மறுபடி பயன்படுத்துவதை ஏற்க முடியாது என்பது அதன் சாரம். அது ஆய்வாளர்களுக்குச் சொன்னது. மாணவர் விஷயத்தில் காரணம் இன்னும் எளிது: ஒரே உழைப்புக்கு இரண்டு பாடங்களில் மதிப்பெண் வாங்கக் கூடாது. எடுத்ததை எடுத்தேன் என்று சொல்லிவிட்டு, அதன் மேல் புதிதாக உழைத்துக் காட்டினால் அந்தப் புகாருக்கே இடமில்லை.

படி 2: பழையதை முழுசாகத் திரட்டுங்கள்

பெரும்பாலோர் கடைசியாகச் சமர்ப்பித்த பிடிஎஃப் ஒன்றை மட்டும் தேடி எடுக்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே உதவி குறைந்தது. அன்றைய கேள்வித்தாள், மதிப்பீட்டு அளவுகோல், ஆசிரியரின் கருத்துகள், குறிப்பு நோட்டு, தேடிச் சேர்த்துவிட்டுக் கட்டுரையில் பயன்படுத்தாமல் விட்ட ஆதாரங்கள், எல்லாவற்றையும் எடுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள். சொல் எண்ணிக்கைக்காக அன்று வெட்டியெறிந்த பத்தி அங்கே இருக்கும். சில நேரம் அந்தக் கட்டுரையிலேயே நல்ல பத்தி அதுவாகத்தான் இருக்கும்.

மூடில், கூகுள் கிளாஸ்ரூம் போன்ற தளங்களில் பாடம் முடிந்ததும் உள்ளே போகும் வழியை அடைத்துவிடுவது உண்டு. பழைய பாடம் இன்னும் திறந்திருந்தால், திருத்தக் கருத்துகளை இன்றைக்கே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தலைவலி. பழைய ஃபைல் டிடிபி கடையில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டியதாக இருந்தால், அதை அப்படியே எடுத்து ஒட்டும்போது ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒரு கருவியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை நம்பிவிடாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒகர, ஓகாரக் கொம்புகள் பிரிந்து நிற்பதும், ஸ்ரீ காணாமல் போவதும் சகஜம்.

படி 3: யாரோ எழுதியதுபோல் படியுங்கள்

பழைய கட்டுரையை அச்செடுங்கள். முடியாவிட்டால் மாற்ற முடியாத பிரதியாகத் திறங்கள். நீங்கள்தான் மதிப்பெண் போடப்போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். நம் மாணவியின் பத்தி இது:

"2015 டிசம்பர் மாதம் சென்னையில் வரலாறு காணாத மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திடீரென்று திறந்துவிட்டதால் அடையாறு பெருக்கெடுத்து நகரம் மூழ்கியது. நீர்நிலைகளை ஆக்கிரமித்ததே இதற்கெல்லாம் காரணம். அரசும் மக்களும் விழிப்புணர்வோடு இருந்தால் மட்டுமே இது போன்ற பேரிடர்களைத் தவிர்க்க முடியும்."

முதல் செமஸ்டருக்கு இது போதும். இப்போது ஒவ்வொரு வாக்கியமாகப் பிடித்து நிறுத்துங்கள்.

"வரலாறு காணாத மழை" என்றால் எவ்வளவு? எங்கே? டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அந்த எண்ணும் இடமும் கட்டுரையில் இல்லை. ஓரத்தில் "எண் தேவை" என்று எழுதுங்கள்.

"திடீரென்று திறந்துவிட்டதால்" என்பதை யார் சொன்னார்கள்? உச்சத்தில் நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது என்பது தகவல். அதை அப்படித் திறந்தது சரியா, முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டுமா என்பது சர்ச்சை. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை அந்த முடிவைக் கடுமையாக விமர்சித்தது. மாணவி தகவலையும் சர்ச்சையையும் ஒரே சொல்லில் சுருட்டிவிட்டார். தவிர, அடையாற்றில் வந்த தண்ணீர் செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் வந்ததும் அல்ல. "ஆதாரம் தேவை" என்று எழுதுங்கள்.

மூன்றாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் ஏரித் திறப்பைக் காரணம் என்கிறது. மூன்றாவது, ஆக்கிரமிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறது. இரண்டும் எப்படி ஒன்றுசேரும் என்று கட்டுரை சொல்லவே இல்லை. பெரிய நட்சத்திரம் போட்டு வையுங்கள், திரும்பி வருவோம்.

நான்காவது வாக்கியத்தை எந்தக் கட்டுரையின் கடைசியிலும் வைக்கலாம். புயல், டெங்கு, சாலை விபத்து, எதற்கும் பொருந்தும். அடித்துவிடுங்கள்.

இப்படிப் படித்து முடித்தால் 800 சொற்களில் நிற்பது நூறு, நூற்றைம்பது சொல்தான் என்று தெரியவரும். மனம் தளர வேண்டாம். அந்த ஓரக் குறிப்புகள்தான் இனி உங்கள் வேலைத் திட்டம். பழைய ஆசிரியரின் கருத்துகளையும் இதே தாளில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவரும் நீங்களும் ஒரே இடத்தில் குறை கண்டிருந்தால், தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

படி 4: புதிய கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் படி. ஒட்டுமொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கே செலவழித்தாலும் தகும் என்பேன். "விரிவாக்குக" என்றதும் பலரும் நீளமாக்குகிறார்கள். 800 சொல்லில் சொன்ன அதே விஷயத்தை 2,000 சொல்லில் சொன்னால் அது நேற்று வைத்த சாம்பாரில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

கேள்வியைப் புதிதாக்கச் சில வழிகள் உண்டு. ஒன்று, காலத்தை நகர்த்துவது. பழைய கட்டுரை நின்ற இடத்துக்குப் பிறகு என்ன நடந்தது? சென்னை விஷயத்தில் நிறைய நடந்திருக்கிறது. 2021-இல் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தடுப்புக் குழு அமைக்கப்பட்டு, 2023-இல் இறுதி அறிக்கை கொடுத்தது. 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி தண்ணீரில் நின்றன. முதல் செமஸ்டர் கட்டுரைக்குள் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று, கண்ணாடியை மாற்றுவது. சுற்றுச்சூழல் பாடம் "ஏன் நடந்தது" என்று கேட்டது. கொள்கைப் பாடம் "யார் முடிவெடுத்தார்கள், எந்த அதிகாரத்தில், யார் கணக்குக் கேட்பது" என்று கேட்கிறது. அதே தகவல்கள், ஆனால் வேறு வேலை செய்கின்றன.

இடத்தைச் சுருக்குவதும் நல்ல வழி. சென்னை முழுவதையும் விட்டுவிட்டு வேளச்சேரியை மட்டும் எடுத்துக்கொண்டால் 2,000 சொல் போதாமல் போகும். துணிச்சல் உள்ளவர்கள் தன் பழைய முடிவையே எதிர்த்து வாதாடலாம். மதிப்பிடுபவர்களுக்கு இது பிடிக்கும், சரியாகச் செய்தால்.

நம் மாணவிக்கு அந்த நட்சத்திரம் போட்ட இடமே வழிகாட்டுகிறது. ஏரியைத் திறப்பது சில மணி நேரத்தில் எடுக்கும் முடிவு. சதுப்புநிலத்தின் ஓரத்தில் கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பது பல ஆண்டுகள் நீளும் முடிவு. இரண்டையும் பழைய கட்டுரை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. ஆகவே புதிய கேள்வி: "2015-க்குப் பிறகு அவசரகால நீர்த்திறப்பு பற்றிப் பேசிய அளவுக்கு, நில அனுமதி பற்றிக் கொள்கை மாறியதா? வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதியை வைத்து ஆராய்க."

கேள்வி உண்மையிலேயே புதிதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பழைய கட்டுரையின் முடிவுரையைப் புதிய கேள்விக்குக் கீழே ஒட்டிப் பாருங்கள். அது பதில் போலவே தோன்றினால், கேள்வி இன்னும் பழசுதான். மறுபடி யோசியுங்கள்.

படி 5: எவ்வளவு பழசு, எங்கே?

எழுதத் தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் கட்டுரையின் பகுதிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "பழசு", "புதுசு", "பழசு ஆனால் ஆதாரம் புதுசு" என்று குறியுங்கள். விதி எதுவும் அளவு சொல்லாதபோது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு பத்தில் ஒன்று. 2,000 சொல் கட்டுரையில் 200 சொல்லுக்கு மேல் பழையதன் சாயல் வேண்டாம். அதுவும் பின்னணி சொல்லும் இடத்தில் மட்டும். வாதத்தின் நடுப்பகுதியிலோ முடிவுரையிலோ பழையது எட்டிப் பார்த்தால், விரிவாக்கம் நடக்கவில்லை என்று பொருள்.

படி 6: ஆதாரங்களை மறுபடி நேரில் பாருங்கள்

பழைய துணைநூற்பட்டியலை நகலெடுத்து ஒட்டுவதுதான் இந்த வகைக் கட்டுரைகளில் அதிகம் மாட்டிவிடும் இடம். ஒவ்வோர் ஆதாரத்தையும் திறந்து பாருங்கள். சுட்டி வேலை செய்கிறதா? செய்யவில்லை என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டால் பழைய பிரதி கிடைக்கலாம். நீங்கள் எடுத்த எண் உண்மையில் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா, வேறெங்கோ படித்ததை அங்கே ஒட்டிவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

அப்புறம், ஒரு படி மேலே ஏறுங்கள். முதலாண்டில் செய்தித்தாளை மேற்கோள் காட்டியது சரி. இப்போது அந்தச் செய்தி எந்த அறிக்கையைப் பற்றிப் பேசியதோ அதையே எடுத்துப் படியுங்கள். நம் மாணவிக்கு அது தணிக்கை அறிக்கை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டமும் (2008) சேரும், நில வகைப்பாடு அதில்தான் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய தமிழ் நூல்கள், இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. சேர்ப்பதையெல்லாம், ஆதாரங்களைச் சேமித்து மேற்கோள் போட உதவும் சொட்டேரோ போன்ற இலவச மென்பொருளில் போட்டு வைத்தால் அடுத்த முறை இந்தத் தேடலே வேண்டாம்.

படி 7: பழைய ஃபைலை மூடிவிட்டு எழுதுங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பழைய கட்டுரை பக்கத்து ஜன்னலில் திறந்திருக்கும் வரை உங்கள் வாக்கியங்கள் அதன் பின்னாலேயே போகும். ஓரக் குறிப்புகளும் ஆதாரங்களும் மட்டும் முன்னால் இருக்கட்டும். நம் மாணவியின் புதிய பின்னணிப் பத்தி:

"2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து உச்சத்தில் நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அந்தத் திறப்பையும் நீர்நிலை ஆக்கிரமிப்பையும் ஒரே காரணமாக முந்தைய பாடக் கட்டுரை ஒன்றில் பேசியிருக்கிறேன். இக்கட்டுரை அவ்விரண்டையும் பிரிக்கிறது. முன்னது சில மணி நேரத்து முடிவு, பின்னது பல பத்தாண்டுகளின் முடிவு. முதல் முடிவைத் தணிக்கை அறிக்கை கேள்விக்கு உட்படுத்தியது. இரண்டாவது முடிவை யார் கேள்வி கேட்டார்கள்?"

பழைய பத்தியோடு ஒப்பிட்டால் தகவல் கிட்டத்தட்ட அதே. ஆனால் பழையது தீர்ப்பு சொல்லி முடிந்தது, இது கேள்வியோடு அடுத்த பத்திக்கு வழிவிடுகிறது. பழைய கட்டுரையைக் குறிப்பிடும் வாக்கியமும் வாதத்துக்குள்ளேயே வேலை செய்கிறது. இப்படி ஒரே ஒருமுறை சொன்னால் போதும். பத்திக்குப் பத்தி "நான் ஏற்கெனவே எழுதியதுபோல" என்று வந்தால் படிப்பவருக்கு அலுப்புத் தட்டும்.

துணைநூற்பட்டியலில், ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) ஏழாம் பதிப்பின் போக்கில் எழுதுவதானால், உங்கள் பெயர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, சதுர அடைப்புக்குள் "வெளியிடப்படாத பாடக் கட்டுரை" என்ற குறிப்பு, பிறகு துறை, கல்லூரி என்ற வரிசையில் வரும். பெயர் இல்லாமல் பதிவெண் மட்டும் போட்டுத் திருத்தும் முறை உங்கள் படிப்பில் இருந்தால் இதில் ஒரு சிக்கல்: மேற்கோளே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நேரத்தில் "இக்கட்டுரையாளரின் முந்தைய பாடக் கட்டுரை" என்று மட்டும் எழுதிவிட்டு, விவரத்தை ஆசிரியருக்குத் தனியாக அனுப்பலாமா என்று கேளுங்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய பழைய கட்டுரையைத் தமிழில் மாற்றிக் கொடுத்தால் மென்பொருள் பிடிக்காமல் போகலாம். ஆனால் அது பழைய கட்டுரைதான். மொழி மாறியதால் வாதம் புதிதாகிவிடாது. பழையதை செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு "வேறு வார்த்தையில் எழுது" என்று கேட்பதும் இதே கணக்கில்தான் வரும். கூடவே, அந்தச் செயலியைப் பயன்படுத்தவே பல படிப்புகளில் தனி விதி இருக்கும்.

படி 8: ஒற்றுமை அறிக்கை சிவப்பாக வந்தால்

ஒரு கட்டுரை வேறு எழுத்துகளோடு எங்கே பொருந்துகிறது என்று அறிக்கை தரும் டர்னிட்டின் போன்ற மென்பொருள்களில், மாணவர்கள் சமர்ப்பிக்கும் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் வசதி உண்டு. முதல் செமஸ்டர் கட்டுரை அப்படிச் சேமிக்கப்பட்டிருந்தால், புதிய கட்டுரையில் அதே வாக்கியம் வரும்போது "மாணவர் கட்டுரை" என்று வண்ணம் பூசிக் காட்டும். அது நீங்களே எழுதியதா, பக்கத்து பெஞ்சு எழுதியதா என்று மென்பொருள் சொல்லாது. பழைய கட்டுரை வேறு கல்லூரியில் கொடுத்தது என்றால், இப்போதைய ஆசிரியருக்கு அதன் முழுப் பக்கமும் உடனே தெரியாது. பொருந்துகிறது என்பது மட்டும் தெரியும், பார்க்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும். சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது.

அதனால் முதல் பக்கத்திலேயே மூன்று வரியில் ஒரு குறிப்பு வையுங்கள்: எந்தக் கட்டுரை, எந்தப் பாடத்துக்கு எழுதியது, இதில் எந்தப் பகுதி அதைச் சார்ந்தது, யார் அனுமதித்தது. சமர்ப்பிக்கும் முன் அறிக்கையைப் பார்க்க வசதி இருந்தால் பாருங்கள். சதவீதத்தைப் பார்க்காமல் வண்ணம் பூசிய இடங்களைப் பாருங்கள். மேற்கோள், சட்டப் பெயர், அறிக்கைத் தலைப்பு இவை பொருந்துவது இயல்பு. பொருந்தக் கூடாத இடம் பொருந்தினால், "வெள்ளம்" என்பதைப் "பிரளயம்" என்று மாற்றிச் சமாளிக்காதீர்கள். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, ஆதாரத்தைப் பார்த்து மறுபடி எழுதுங்கள். சொல் சொல்லாக மாற்றிய பத்தி படிக்கும்போதே தெரிந்துவிடும், தமிழில் இன்னும் சீக்கிரம் தெரியும்.

படி 9: அனுப்பும் முன்

முகப்புப் பக்கத்தில் பழைய பாடக் குறியீடு, பழைய ஆசிரியர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். இது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் நடக்கிறது. பக்கத் தலைப்பு வரி, ஃபைலின் பெயர், ஃபைலின் உள்விவரத்தில் இருக்கும் பழைய தலைப்பு, இவற்றையும் மாற்றுங்கள். புதிய அளவுகோலை எடுத்து வைத்து, "புதிய பங்களிப்பு" அல்லது அதுபோன்ற வரிக்கு எதிரே உங்கள் கட்டுரையின் எந்தப் பத்தி நிற்கும் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் படி 4-க்குத் திரும்புங்கள், இன்னும் நேரம் இருந்தால்.

தளத்தில் ஏற்றியதும் ஒப்புகை வரும், அதைச் சேமியுங்கள். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு ஏற்றாதீர்கள், எல்லாரும் அந்த நேரத்தில்தான் ஏற்றுவார்கள்.

பிறகு ஒரு கால் மணி நேரம் செலவழித்து, அதே கோப்புறையில் "விட்டுப்போனவை" என்று ஒரு சின்ன ஃபைல் போடுங்கள். எழுதும்போது தோன்றி, இடமில்லாமல் விட்டதெல்லாம் அதில் வரட்டும். நம் மாணவி அதில் எழுதுவது இப்படி இருக்கலாம்: "எல்லை விரிந்த பிறகு புதிதாக உள்ளே வந்த ஏரிகளுக்கு யார் பொறுப்பு? மூன்றாம் முழுமைத் திட்டம் சதுப்புநில ஓரங்களை எப்படி வகைப்படுத்தும்? இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குப் பார்க்கலாம்."